வின்ரர்லூட்டுக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா? முதலில் கால்களைக் கவனியுங்கள்

ஒட்டாவாவின் வின்ரர்லூட் 1979 இலிருந்து நடக்கிற குளிர்கால விழா. ஜனவரிக் கடைசியிலோ பெப்ரவரித் தொடக்கத்திலோ ஆரம்பித்து, ஒன்ராறியோவின் குடும்ப நாளோடு, அதாவது பெப்ரவரி மூன்றாம் திங்களோடு முடியும். ரொறன்ரோப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பலர் அந்தக் கடைசி நீண்ட வார இறுதியைத்தான் குறிவைப்பார்கள். லீவு கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் ஹோட்டல் விலை ஏறிவிடும், எந்த வரிசையும் நீளமாக இருக்கும், ஸ்பார்க்ஸ் வீதியின் ஐஸ் சிற்பங்கள் வெயில் பட்டுப் பட்டு மூக்கும் விரலும் கரைந்து நிற்கும். சிற்பம் பார்க்க ஆசையென்றால் முதல் வார இறுதிக்கே போய்விடுங்கள்.

விழாத் தேதியை மாதக்கணக்கில் முன்னரே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் எல்லாரும் ஸ்கேற்றிங் செய்யப் போகிற ரிடோ கால்வாய் எப்போது உறையும் என்று அப்படிச் சொல்ல முடியாது. 7.8 கிலோமீற்றர் நீளமான அந்த ஸ்கேற்றிங் பாதையைத் திறக்க, குறைந்தது 30 சென்ரிமீற்றர் தடிப்பில் நல்ல ஐஸ் வேண்டும். இலையுதிர் காலத்திலேயே கால்வாயின் தண்ணீரைக் குறைத்து வைத்துவிடுவார்கள். பிறகு இடைவிடாமல் கடுங்குளிர் நின்றால்தான் அந்தத் தடிப்புச் சேரும். ஸ்னோ கொட்டினால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை, மெல்லிய ஐஸின்மேல் விழுகிற ஸ்னோ போர்வைபோல மூடி, குளிரைக் கீழே இறங்கவிடாது. 2022–23 குளிர்காலத்தில் பாதை ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. 1970–71 இல் தொடங்கியபின் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடமும் சில நாள்களே. 2025 இல் நல்ல நீண்ட பருவம் வாய்த்தது.

ஆகவே பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் அறை எடுங்கள். வெளிக்கிடும் அன்று காலையில் பாதையை நடத்தும் தேசியத் தலைநகர ஆணையத்தின் (NCC) தளத்தில் ஐஸ் நிலவரம் பாருங்கள். சில நாள்களில் ஒரு பகுதி திறந்திருக்க, அடுத்த பகுதி மூடியிருக்கும். கரையோரம் பச்சைக் கொடி என்றால் இறங்கலாம், சிவப்பென்றால் கூடாது. கால்வாய் மூடியிருந்தால் நகர மண்டப றிங்க்கும் லான்ஸ்டவுன் றிங்க்கும் இருக்கின்றன. இரண்டுக்கும் அடியில் குளிரூட்டும் குழாய் ஓடுவதால் லேசான வெப்பத்தையும் தாங்கும்.

ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய 450 கிலோமீற்றர். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போய், கிங்ஸ்ரன் தாண்டி 416 நெடுஞ்சாலையில் வடக்கே ஏற வேண்டும். காய்ந்த ரோட்டில் நாலரை மணித்தியாலம், ஸ்னோ என்றால் ஒரு மணித்தியாலமாவது கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி கழுவும் திரவம் −40 என்று போட்டதாக இருக்கட்டும். கோடைகாலத்துத் திரவம் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும், முன்னால் போகிற லொறி தெறிக்கிற உப்புச் சேற்றைத் துடைக்க வழியிராது. சின்னப் பிள்ளைகளைத் தடித்த ஜக்கெற்றோடு கார் சீற்றில் கட்டாதீர்கள். மோதல் ஒன்றில் உள்ளேயுள்ள பஞ்சு அமுங்க, இறுக்கமாகத் தெரிந்த பெல்ற் தளர்ந்துபோகும். ஜக்கெற்றைக் கழற்றி, கட்டிய பெல்ற்றுக்கு மேலே போர்த்திவிடுங்கள்.

பெப்ரவரியில் பகலில் −4, இரவில் −13 என்பது அங்கே சாதாரணம். −25 உம் வரும். காற்றோடு சேர்ந்த குளிர் −28 ஐத் தொட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கலாம். மற்றதையெல்லாம் எல்லாரும் கவனித்துப் போடுகிறார்கள், பிழை விடுவது காலில்தான். குளிருமே என்று இரண்டு மூன்று சொக்ஸ் போட்டு, பழைய பூட்ஸுக்குள் பிள்ளையின் காலை அமத்தித் திணிப்போம். கால் இறுகினால் இரத்த ஓட்டம் குறையும். சூட்டைப் பிடித்து வைக்கிற காற்றுக்கும் உள்ளே இடமிராது. அரை மணித்தியாலத்தில் விரல் விறைத்து, பிள்ளை அழத் தொடங்கும். ஒரேயொரு கம்பளிச் சொக்ஸ் போதும், பூட்ஸுக்குள் விரல்களை ஆட்ட முடிய வேண்டும். பருத்திச் சொக்ஸ் வேண்டாம், வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். காரில் ஹீற்றருக்கு முன்னால் கால் வியர்த்திருந்தால், இறங்குமுன் சொக்ஸை மாற்றுங்கள். கைக்கு, விரல் பிரித்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாயிருக்கும் மிற்றன் நல்லது. பையில் இன்னொரு சோடி இருக்கட்டும்.

கால்வாய்க்குக் காலையிலேயே போங்கள். இரவில் ஐஸின்மேல் தண்ணீர் விட்டுச் சமப்படுத்துவார்கள், அந்த வழுவழுப்பு மத்தியானம் வரைதான். பின்னேரம் ஆயிரம் பேர் கீறிய ஐஸில் புதிதாகப் பழகுகிறவர்கள் தடுக்கித் தடுக்கி விழுவார்கள். காலையிலும் வெடிப்புகளைப் பார்த்துப் போக வேண்டும்: கால்வாயின் நீளத்துக்கு ஓடும் வெடிப்புக்குள் பிளேட் ஒரு தடவை இறங்கினால் ஆள் முகங்குப்புறத்தான். வெடிப்பை நேராகக் குறுக்கே கடக்க வேண்டும், அதன் வழியே சறுக்கக்கூடாது.

ஸ்கேற்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். கட்டுவதில்தான் விஷயம். குதியை நிலத்தில் ஒரு தட்டுத் தட்டி, பின்பக்கம் ஒட்ட உட்காரவைத்துவிட்டுத் தொடங்குங்கள். விரல் பக்கத்துக் கயிறு தளர்வாக, பாதம் வளைகிற இடத்தில் நன்றாக இறுக்கி, மேலே கடைசித் துளைகளில் ஒரு விரல் நுழையுமளவு விட்டுக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயளவாக இறுக்கினால் விரல் விறைக்கும். எல்லாவற்றையும் தளர விட்டால் கணுக்கால் உள்ளே சரியும். பிள்ளை நிற்கும்போது கணுக்கால் உள்பக்கம் மடிந்தால் பிள்ளைக்குப் பலமில்லை என்று நினைக்காதீர்கள். கட்டுத்தான் பிழை, அல்லது அளவு பெரிது. ஹெல்மெற் கட்டாயம், பின்னந்தலை அடிபடவும் விழலாம். நடக்கத் தெரியாத குழந்தைக்கு மரச் சறுக்குவண்டி வாடகைக்கு எடுக்கலாம்.

பூட்ஸைக் கரையில் விட்டுவிட்டுப் போவது பெரிய பிழை. மூன்று கிலோமீற்றர் போனபின் பிள்ளை இனி ஏலாது என்றால், திரும்பி வருவதற்கும் ஸ்கேற்ஸ்தான். எல்லாருடைய பூட்ஸையும் ஒரு முதுகுப்பையில் போட்டுப் பெரியவர் ஒருவர் சுமந்தால், எந்தப் படியிலும் ஏறி வெளியே வரலாம். டௌஸ் ஏரிப் பக்கம் வெட்டவெளி, காற்று அறையும். அதை முகத்தில் வாங்கிக்கொண்டு போகிற வழியை முதலில் முடியுங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒட்டாவா ஆற்றுக்கு அக்கரையில், கற்றினோவின் ஜாக் கார்த்தியே பார்க். அங்கேயுள்ள ஸ்னோஃபிளேக் கிங்டம் என்ற விளையாட்டிடத்தின் சறுக்குகள் ஸ்னோவாலேயே கட்டியவை. ஜீன்ஸோடு ஏறினால் இரண்டாம் தடவையே தொடை நனைந்துவிடும், தண்ணீர் ஊறாத ஸ்னோ காற்சட்டைதான் வேண்டும். −20 க்குக் கீழே போனால் பிடிவாதம் வேண்டாம். அதே கரையிலுள்ள கனடிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் சிறுவர் பகுதியில் அரைநாள் போய்விடும்.

சாப்பாட்டில் பீவர்ரெயில் தவறவிடக்கூடாதது. கால்வாயில் 1981 இலிருந்து விற்கிறார்கள்: முழுக்கோதுமை மாவைக் கையால் நீட்டி, எண்ணெயில் பொரித்து, மேலே கறுவாவும் சீனியும். கையுறையைக் கழற்றித்தான் சாப்பிட முடியும், ஆகவே ஒதுக்கிடம் பார்த்து நில்லுங்கள். மரக்கறிக்காரர் கவனம்: பூற்றீன் (சீஸ் போட்ட உருளைக்கிழங்குப் பொரியல்) மேலே ஊற்றுகிற குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாறு, மார்ஷ்மெலோவில் ஜெலற்றின் இருக்கும். மேப்பிள் பாகு, பயமில்லை. 112 பாகை வரை காய்ச்சி ஸ்னோமேல் ஊற்றுவார்கள், ஆறி இறுகும்போது குச்சியில் சுற்றிச் சாப்பிடுவது. உடனே வாயில் வைக்கவிடாதீர்கள், வெளியே குளிர்ந்தாலும் நடு சுடும்.

இரவு ஹோட்டலில் பூட்ஸின் உள்பஞ்சைக் கழற்றித் தனியாகக் காயவையுங்கள், உள்ளே விட்டால் காலைக்குள் காயாது. சொந்த ஸ்கேற்ஸ் என்றால் பிளேட்டை உடனே துடைத்துத் துணி உறை போடுங்கள். பிளாஸ்ரிக் உறை நடப்பதற்கு மட்டும், அதோடு பைக்குள் வைத்தால் வீடு வந்துசேர்வதற்குள் துரு பிடித்திருக்கும்.