பெயரை மறைத்து அனுப்பிய கவிதைகள்

ஜனவரி 18

ஆங்கிலக் கவிஞர் அடிலெய்ட் ஆன் ப்ராக்டர் எழுதிய ‘ஒரு தொலைந்த இசைக்கூட்டு’ கவிதையை மறுபடி படித்தேன். களைத்துப்போன ஒருத்தி ஆர்கன் வாசிக்கிறாள். விரல்கள் தன்போக்கில் அலைய, பெரிய ஆமென் போல ஒரு நாதம் எழுந்து மனத்தை ஆற்றுகிறது. அப்புறம் எவ்வளவு தேடியும் அது கிடைப்பதில்லை. ஆர்தர் சல்லிவன் 1877-ல், அண்ணன் ஃபிரெட் சாகக் கிடந்தபோது பக்கத்தில் இருந்தே இதற்கு இசையமைத்தார். பாட்டு ஊரெல்லாம் பரவியது. எழுதியவள் அப்போது உயிரோடு இல்லை.

ஜனவரி 21

ப்ராக்டரின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அப்பாவும் கவிஞர், சார்லஸ் டிக்கன்ஸின் நண்பர். டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழுக்கு, 1853-ல், ‘மேரி பெர்விக்’ என்ற பெயரில் இவர் கவிதை அனுப்பினார். சொந்தப் பெயரில் அனுப்பினால், பிடிக்காத கவிதையைக்கூட அப்பாவுக்காகப் போட்டுவிடுவாரே என்ற தயக்கம். இதழ்க்காரர்களோ, அந்த மேரி யாரோ வீட்டு ஆசிரியை என்று நினைத்துக்கொண்டார்கள். 1854 டிசம்பரில் ப்ராக்டர் வீட்டுக்கு விருந்துக்குப் போன டிக்கன்ஸ், மேரி பெர்விக்கின் கவிதை நன்றாக இருக்கிறது என்று அவர்களிடமே சொன்னார். மறுநாள்தான் உண்மை தெரிந்தது. சிபாரிசுக்கான கதவு வீட்டிலேயே திறந்திருக்க, முகமற்றவர்களின் வரிசையில் போய் நின்ற பெண். நினைக்க நினைக்க மரியாதை கூடுகிறது.

ஜனவரி 27

‘வீடற்றவர்கள்’ கவிதையை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். குளிர் இரவு. செல்ல நாய்க்கு இடம் உண்டு, குற்றவாளிக்குச் சிறையில் கூரை உண்டு, பட்டுக்கும் பருத்திக்கும் விலை தெரிந்து காவல் உண்டு. இங்கிலாந்தின் செல்வக் கணக்கில் ஏழைகள் மட்டும் விட்டுப்போனார்கள் என்று முடிக்கிறார். வெறும் மென்மையான கவிஞர் என்று இவரை ஒதுக்குகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். இந்தக் கவிதை இடம்பெற்ற, 1862-ல் வந்த தொகுப்பின் வருமானம் லண்டன் ப்ராவிடன்ஸ் ரோ இரவுக் காப்பகத்துக்குப் போனது. வீடற்ற பெண்களும் குழந்தைகளும் தங்கிய இடம் அது. பெண்களுக்கு வேலை தேடித் தர 1859-ல் தொடங்கிய சங்கத்திலும் உழைத்தார்.

பிப்ரவரி 2

1864-ல் இதே நாளில் ப்ராக்டர் காசநோயால் இறந்தார். வயது 38. கடைசி 15 மாதங்கள் படுக்கையில். ‘வீடற்றவர்கள்’ மொழிபெயர்ப்பின் கடைசி வரியை இன்று மூன்று முறை மாற்றினேன். ‘மறந்துவிட்டோம்’ என்பதைவிட ‘எண்ண மறந்தோம்’ பொருந்துகிறது. அப்படியே வைத்துவிட்டேன்.