முதல் வாரத்துக்குப் பிறகும் அந்த வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்

ஒரு தீயணைப்பு வீரரோ போலீஸ்காரரோ ஆம்புலன்ஸ் பணியாளரோ பணியில் இறந்துபோனால், முதல் வாரம் நாம் எல்லோரும் நன்றாகவே நடந்துகொள்கிறோம். படத்தைப் பகிர்கிறோம், க்யூஆர் கோடு வந்தால் முடிந்ததைப் போடுகிறோம், வசதியுள்ளவர்கள் வீட்டுக்கே போய்க் காசோலை கொடுத்துவிட்டு வருகிறார்கள். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, இன்னும் நிறையப் பேர் செய்யட்டும். நான் எழுத வந்தது எட்டாவது மாதத்தைப் பற்றி, மூன்றாவது வருடத்தைப் பற்றி. அந்த வீட்டுக்கு உண்மையில் பணம் தேவைப்படுகிற காலம் அது, அப்போது யாரும் இருப்பதில்லை. சாகாமல் காயத்தோடு வீடு திரும்பியவருக்கோ அந்த முதல் வாரம்கூடக் கிடையாது.

சரியாக நடந்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1952இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இளம் போலீஸ்காரர் ஒருவர் பணியில் கொல்லப்பட்டார், மனைவி கர்ப்பிணி. வில்லியம் பேக்கர் என்ற கார் வியாபாரி தன் நண்பர்கள் நூறு பேருக்குக் கடிதம் எழுதிப் பணம் கேட்டார், வந்தது. அந்தப் பணத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். வீட்டுக் கடனை அடைத்தார்கள், மற்ற பாக்கிகளையும் தீர்த்தார்கள், இன்னும் பிறக்காத குழந்தையின் படிப்புக்கு ஒரு தொகையை ஒதுக்கிவைத்தார்கள், மிச்சத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்கள். மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால், இந்த வீட்டில் இன்னும் பதினைந்து இருபது வருடத்துக்கு என்னென்ன செலவு வரும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஹண்ட்ரட் கிளப்', இன்று அமெரிக்காவின் பல ஊர்களில் அதே பெயரில் தனித்தனி அமைப்புகள் இயங்குகின்றன.

அரசாங்கம்தான் இழப்பீடு கொடுக்குமே, அப்புறம் எதற்கு நன்கொடை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் பணியில் இறப்பவர்களின் குடும்பத்துக்கான மத்திய அரசுச் சட்டம் 1976இல் வந்தது, அப்போது 50,000 டாலர், இப்போது நான்கு லட்சம் டாலருக்கும் மேல், சம்பளம் வாங்காத தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கும் அது உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் போட்டு, மருத்துவ அறிக்கை, விசாரணை அறிக்கை, திருமணச் சான்று எல்லாம் போய்ச் சேர்ந்து, பணியால்தான் சாவு வந்தது என்று முடிவாகிப் பணம் வருவதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆன குடும்பங்கள் ஏராளம். எந்த நாட்டிலும் கதை பெரிதாக மாறுவதில்லை. சம்பளம் நின்றுவிடும், இறந்தவர் பெயரில் மட்டும் இருந்த வங்கிக் கணக்கை எளிதில் தொட முடியாது, காப்பீட்டுத் தாளில் நாமினி இடத்தில் கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய அம்மா பெயர் அப்படியே இருக்கும், அந்த அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருக்கும். வீட்டுக் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். அரசின் பணம் வந்து சேரும்வரை அந்தக் குடும்பத்தை விழாமல் பிடித்துக்கொள்வது, நல்ல அறக்கட்டளைகள் செய்கிற வேலைகளில் முக்கியமானது. தாள் எதுவும் கேட்காமல் முதல் சில நாட்களிலேயே ஒரு தொகையைக் கையில் கொடுப்பது, அதைவிட முக்கியமாக, அந்த விண்ணப்பங்களைப் பற்றித் தெரிந்த ஒரு ஆளைக் கூடவே அனுப்புவது. கணவனை இழந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் எட்டுப் பக்கப் படிவத்தை நீட்டினால் அவள் என்ன செய்வாள்?

காயம்பட்டவர்கள் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதில் நேரடியாகத் தெரிந்தது அதிகம். என் சித்தப்பா தீயணைப்புத் துறையில் இருந்தவர். ஒரு கிடங்குத் தீயில் இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்துபோயின. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதோடு வெளியுலகத்துக்குச் செய்தி முடிந்துவிட்டது. எங்களுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. தோல் ஒட்டிய பிறகு தழும்பு தடித்து விரல்களை மடக்கவிடாமல் இழுத்துப் பிடிக்கும், அது வராமலிருக்க இறுக்கமான பிரஷர் கையுறை போட வேண்டும். ஒரு நாளில் 23 மணி நேரம். குளிக்கவும் தைலம் தடவவும் மட்டும் கழற்றலாம். வருடத்துக்கு மேல் இப்படி. ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டால் போட்டுக்கொள்ள இன்னொன்று வேண்டும், இரண்டு மூன்று மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும், மறுபடி கையை அளவெடுத்துப் புதிதாகத் தைக்க வேண்டும். வெயில் காலத்தில் அந்தக் கையுறைக்குள் வருகிற அரிப்பில் ராத்திரி முழுக்க அவர் கூடத்தில் நடந்துகொண்டே இருப்பார். சித்திதான் காலையில் பிடித்து உட்காரவைத்து ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிவிடுவார், பத்து எண்ணும்வரை பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

ஆபரேஷன் செலவை ஏற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள். இந்தக் கையுறைக்கும், தைலத்துக்கும், வாரத்துக்கு மூன்று தடவை பிசியோதெரபிக்குப் போய்வருகிற வண்டிச் செலவுக்கும், சித்தி வேலையை விட்டதால் நின்றுபோன சம்பளத்துக்கும் எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை. கடைசியில் உதவியது அவருடன் வேலை பார்த்தவர்கள். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன நிதி அது, பெயர்ப் பலகைகூடக் கிடையாது. இரண்டு வருடம் விடாமல் வந்தது. அதன் மூலம்தான் அவர் ஒரு கோப்பையைத் தானே தூக்கிக் குடிக்கிற அளவுக்கு வந்தார் என்று சொன்னால் அது மிகை இல்லை.

அதனால்தான் பிரிட்டனின் தீயணைப்பு வீரர்களுக்கான அறக்கட்டளை மீது எனக்குத் தனி மரியாதை. 1943இல், குண்டுவீச்சுக் காலத்தில் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கு உதவத் தொடங்கிய நிதி அது. இன்று அது செய்கிற பெரிய வேலை காயம்பட்டவர்களைத் தேற்றுவது. தங்கி சிகிச்சை பெற மையங்கள் வைத்திருக்கிறார்கள், உடற்பயிற்சி, மனநல ஆலோசனை எல்லாம் அங்கேயே. பணியில் இருப்பவர்களே மாதாமாதம் சிறு தொகை போட்டுத் தாங்கிக்கொள்கிற ஏற்பாடும் அதில் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பெயரில்லாத நிதியின் பெரிய வடிவம் என்றே எனக்குத் தோன்றும்.

காயம் என்பது அன்றைக்கே கண்ணில் தெரிய வேண்டும் என்றும் இல்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தீயணைப்புத் துறையில் 343 பேர் இறந்தார்கள், அந்த எண்ணை உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. அந்த இடிபாட்டுத் தூசியை மாதக்கணக்கில் சுவாசித்து, புற்றுநோயும் நுரையீரல் நோயும் வந்து இறந்த அதே துறைக்காரர்களின் எண்ணிக்கை 2023 செப்டம்பரில் அதே 343ஐத் தொட்டது, அதற்குப் பிறகு தாண்டியும்விட்டது. தீயணைப்பு வேலையே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022இல்தான் உறுதியாக வகைப்படுத்தியது. நியூயார்க்கில் நோய்வாய்ப்பட்டவர்களும் அவர்கள் குடும்பங்களும் வருடக்கணக்கில் நாடாளுமன்றப் படியேறிப் போராடித்தான், அவர்களுக்கான இழப்பீட்டு நிதியை 2090வரை நீட்டிக்கும் சட்டம் 2019இல் வந்தது. ஆக்சிஜன் குழாயோடு வந்து சாட்சி சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு மனிதனை எதற்குத் தள்ள வேண்டும்? பதினைந்து வருடம் கழித்து வருகிற நோயை 'பணியில் காயம்' என்று ஏற்கிற நிதியா என்று பார்த்துக் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏற்பாட்டில் விட்டுப்போகிறவர்களைப் பற்றியும் பேச வேண்டும். 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் மலைக் காட்டுத்தீயில் ஒரே குழுவைச் சேர்ந்த 19 வீரர்கள் இறந்தார்கள். ஒரே தீ, ஒரே இடம். ஆனால் அவர்களில் ஆறு பேர்தான் நிரந்தரப் பணியாளர்கள், மற்ற 13 பேரும் சீசனுக்கு எடுக்கப்பட்டவர்கள். நகர நிர்வாகத்தின் குடும்ப ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் அந்த ஆறு குடும்பங்களுக்குத்தான் என்று முதலில் சொல்லப்பட்டது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. பொதுமக்கள் அனுப்பிய நன்கொடை அந்த இடத்தில் எவ்வளவு தாங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், கடலோர மீட்பர்கள், வெள்ளத்தில் படகோடு முதலில் போய் நிற்கிற உள்ளூர் ஆட்கள் என எல்லா நாட்டிலும் இந்த வேலையில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர்களும் தன்னார்வலர்களும்தான். அரசாங்கத்தின் பட்டியலில் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்கிற நிதிக்கு என் பணம் முதலில் போகும்.

உணர்ச்சி வேகத்தில் கொடுக்கிற பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின்போது செலஸ்ட் பார்பர் என்ற நகைச்சுவை நடிகை ஃபேஸ்புக்கில் நிதி திரட்டினார். எதிர்பார்த்தது 30,000 ஆஸ்திரேலிய டாலர், வந்ததோ ஐந்து கோடியே பத்து லட்சம். அவர் எழுதிவைத்த பயனாளி, நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறத் தீயணைப்புச் சேவையின் டிரஸ்ட். பணம் கொட்டியதும், மற்ற மாநிலங்களுக்கும் வீடிழந்தவர்களுக்கும் காயம்பட்ட விலங்குகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாமே என்று பலரும் விரும்பினார்கள், கொடுத்தவர்களில் பலர் அதற்காகவே கொடுத்தும் இருந்தார்கள். அந்த டிரஸ்டின் ஆவணத்தில் தீயணைப்புக் குழுக்களுக்கான கருவி, பயிற்சி, நிர்வாகம் என்றுதான் இருந்தது. நீதிமன்றம் போனார்கள். மே மாதம் வந்த தீர்ப்பு, வேறு அமைப்புகளுக்குக் கொடுக்க முடியாது, ஆனால் இறந்த, காயம்பட்ட தீயணைப்பு வீரர்களின் குடும்பங்களுக்கு ஒரு நிதி அமைக்கலாம், மனநல ஆலோசனைக்கும் செலவிடலாம் என்றது. யாரும் ஏமாற்றவில்லை, ஆவணத்தில் எழுதியிருந்த ஒரு வரிதான் அத்தனை கோடிக்கும் வழியைத் தீர்மானித்தது. கொடுப்பதற்கு முன்னால் அந்த அமைப்பின் நோக்கத்தில் 'குடும்பம்' என்ற சொல் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள்.

பணத்தால் மட்டும் ஆகாதது ஒன்று உண்டு. பணியில் இறந்த போலீஸ்காரர்களின் குடும்பங்களுக்காக 1984இல் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் அமைப்பு, இப்படி இழந்த குடும்பங்களை ஒன்றோடொன்று சந்திக்கவைக்கிறது. மனைவிகளுக்குத் தனியாக, பெற்றோருக்குத் தனியாக, கூடப் பிறந்தவர்களுக்குத் தனியாக, பிள்ளைகளுக்கு முகாம். அப்பா ஹீரோ என்று ஊரே சொல்லும்போது, எனக்கு அவர் மேல் கோபம் என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் சொல்ல ஓர் இடம் வேண்டும். அதே நிலையில் இருக்கிற இன்னொரு பையனிடம் மட்டும்தான் அதைச் சொல்ல முடியும். தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்கள் இன்னும் தனிமையில் இருக்கின்றன. அமெரிக்காவில் 2022இல்தான், பணியின் அதிர்ச்சியால் வந்த மனநோயையும் அதனால் நேர்கிற தற்கொலையையும் இழப்பீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பல நிதிகள் அந்தக் கதவை இன்னும் திறக்கவில்லை.

ஆகவே என்னிடம் யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: ஒரே தடவையாகப் பெரிய தொகை கொடுப்பதைவிட, மாதாமாதம் சிறு தொகையாகக் கொடுங்கள். செப்டம்பர் 11 அன்று பணி முடிந்து கிளம்பியும், சுரங்கச் சாலை மூடியிருந்ததால் ஏறக்குறைய 27 கிலோ உபகரணத்தைச் சுமந்துகொண்டு உள்ளே ஓடி, திரும்பி வராமல் போன நியூயார்க் தீயணைப்பு வீரர் ஸ்டீபன் சில்லரின் உடன்பிறப்புகள் நடத்துகிற 'டனல் டு டவர்ஸ்' அறக்கட்டளை கேட்பது மாதம் 11 டாலர். ஐந்து பிள்ளைகளின் அப்பா அவர். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களின் வீட்டுக் கடனை அந்த அமைப்பு அடைக்கிறது, கைகால் இழந்தவர்களுக்கு அவர்கள் புழங்குகிற மாதிரி வீடே கட்டிக் கொடுக்கிறது. மாதத் தொகை நிச்சயமாக வரும் என்று தெரிந்தால்தான் ஒரு நிதியால் "உன் மகள் கல்லூரி முடிக்கிறவரை நாங்கள் இருக்கிறோம்" என்று வாக்குக் கொடுக்க முடியும்.

பணம் இல்லாதவர்களும் செய்ய முடிகிற வேலை இருக்கிறது. படிவம் நிரப்பத் தெரிந்தவர் அந்த வீட்டுக்குப் போய் நிரப்பிக் கொடுக்கலாம், வண்டி வைத்திருப்பவர் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகலாம். ஆறு மாதம் கழித்துப் போங்கள், போகும்போது "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று கேட்காதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை நான் வண்டி எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்கே உங்கள் காப்பீட்டுத் தாளையும் பணிப் பதிவேட்டையும் எடுத்து நாமினி இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள், அப்புறம் அந்தத் தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.