ரங்கூன் மல்லி: முதலில் புதர், பிறகுதான் கொடி

நர்சரியில் மாதவிக்கொடி கேட்டால் பல இடங்களில் ரங்கூன் மல்லியைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். பழைய பாட்டுகளில் குருக்கத்தி என்று வரும் மாதவி வேறு. அதன் இதழோரம் நார்நாராகப் பிரிந்திருக்கும், ஓரிதழில் மட்டும் மஞ்சள் படர்ந்திருக்கும், காய்க்கு மூன்று இறக்கை. ரங்கூன் மல்லிப் பூவுக்கு இரண்டு மூன்று அங்குலத்தில் மெல்லிய குழல், நுனியில் ஐந்து இதழ். அந்தியில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஸ் ஆகி, பிறகு நன்றாகச் சிவந்துவிடும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பூக்காத நாளில் தண்டைத் தடவிப் பாருங்கள். இலை உதிர்ந்த பிறகும் காம்பின் அடி விழாமல் முள்ளாக இறுகி நிற்கும். அதை ஊன்றித்தான் கொடி ஏறுகிறது.

நட்ட புதிதில் இது கொடியே இல்லை, குத்துச்செடி. இதன் பழைய லத்தீன் பெயர் குயிஸ்குவாலிஸ், 'யார்? எப்படிப்பட்டது?' என்று பொருள். தவறான செடி வந்துவிட்டது என்று பலர் இந்தக் கட்டத்தில் பிடுங்கிவிடுகிறார்கள், அல்லது நுனி கிள்ளிக் கிள்ளிப் புதராகவே வைத்துவிடுகிறார்கள். பொறுத்திருங்கள். அடியிலிருந்து நீளமான தளிர்கள் சாட்டை மாதிரி கிளம்பும். அவற்றில் தடித்த இரண்டை மட்டும் தூணோடு சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டி ஏற்றுங்கள். பந்தலைத் தொட்ட பிறகு நுனி கிள்ளினால் பக்கக்கிளை பரவும்.

பந்தல் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். சவுக்குக் கம்பு சில மழைக்காலத்தில் அடியில் இற்றுவிடும். மழையில் நனைந்த கொடியின் பாரம் அதைச் சாய்த்துவிடும். இரண்டு அங்குல ஜி.ஐ. பைப்பை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். பூக்கொத்து தொங்குவதால் உயரம் எட்டடிக்குக் குறையக் கூடாது. பெயின்ட் அடிப்பதைக் கொடி ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

தூணிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டடி ஆழ அகலத்தில் குழி. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம பங்கு, கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கு. தண்ணீர் தேங்கினால் இலை மஞ்சளாகும்.

கொடி தழைக்கிறது, பூ இல்லை என்றால் பெரும்பாலும் வெயில் போதவில்லை. தினமும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். அடுத்த காரணம் யூரியா. தழைச்சத்து ஏறினால் இலைதான் வரும். மூன்றாவது, கவாத்து செய்யாதது. பூ புதுத்தளிரில்தான் வரும். தை கடைசியில், குளிர் விலகும்போது, பந்தல் மேல் உள்ள கிளைகளை மூன்றில் ஒரு பங்கு நீளம் விட்டு வெட்டுங்கள். உள்ளே காய்ந்து கிடப்பதை முழுதாக அகற்றுங்கள். விட்டால் மேலே இலை, அடியில் சுள்ளிக் குப்பை என்று ஆகிவிடும்.

வேரிலிருந்து பக்கக்கன்றுகள் வந்துகொண்டே இருக்கும். சுவர் ஓரம், கழிவுநீர்க் குழாய் பக்கம் வந்தவற்றைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் எடுத்தால் தொட்டியில் நட்டு நிழலில் வைக்கலாம், அடுத்த வீட்டுப் பந்தலுக்கு ஆகும்.