கதை ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்வது

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "நேரம் எப்படிக் கிடைக்கிறது?" என்றுதான். நேரம் எப்படியோ கிடைத்துவிடும். விடிகாலையில் முக்கால் மணி, ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று எங்கிருந்தாவது பிடித்துவிடலாம். எனக்குப் பெரிய கஷ்டம் வேறு. ஒரு தடவை எழுதி எழுந்து, மறுபடி வந்து உட்காருவதற்குள் கதை ஆறிப்போய்விடுகிறது.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதக் கடைசியும் அடுத்த மாதத்தின் முதல் சில நாட்களும் எனக்குச் சொந்தமில்லை. வங்கி ஸ்டேட்மென்டைப் பேரேட்டோடு ஒப்பிட வேண்டும், இன்னும் வந்து சேராத பில்களுக்கு ஒதுக்கீடு போட வேண்டும், விடுபட்ட பதிவுகளைத் தேட வேண்டும். காலாண்டு முடிவு என்றால் ஆடிட்டர்களும் வந்துவிடுவார்கள். அதெல்லாம் முடிந்து வந்து நாவலைத் திறப்பேன். ஒரு பொதுச்சுவருக்காக வழக்குப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்து வீட்டிலேயே வாழும் அக்கா தங்கையின் கதை அது. கடைசியாக எழுதிய காட்சியில், தங்கை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அக்கா எழுந்து போகிறாள். ஏன் போனாள்? எழுதியபோது எனக்கு நன்றாகத் தெரியும். வாக்கியம் அப்படியே இருக்கிறது, அதன் காரணம் மட்டும் என்னிடம் இல்லை. அதைத் திரும்பப் பிடிப்பதற்குள் பல மாலைகள் போய்விடும். பிடித்து நாலு பக்கம் எழுதுவதற்குள் அடுத்த மாதக் கடைசி.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். 1867-இல்தான் விலகினார். காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தைகள் என்று எழுதியவர். இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்கு அவர் சுயசரிதையில் முக்கியமாகப் படுவது வேறொரு விவரம். தினமும் முதல் அரை மணி நேரம் அவர் புதிதாக எதுவும் எழுதுவதில்லை. முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார், சொற்களின் ஓசையைக் காதால் எடைபோட்டபடி. மூன்று மணி நேரமே கையில் இருக்கிற மனிதர் அதில் ஆறில் ஒரு பங்கைப் பழைய பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார். அந்த அரை மணி இல்லாமல் 250 வார்த்தைகள் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா நிற்கிறார். 1908 முதல் பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. மதியம் இரண்டு மணியோடு முடிந்துவிடும், ஆனாலும் அலுவலகத்தைப் பற்றிய வேதனை அவருடைய நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் நிறைய இருக்கிறது. 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர், மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு சிறுகதையை முழுதாக முடித்து எழுந்தார். இப்படித்தான் எழுத வேண்டும், இந்த முழுத் தொடர்ச்சியோடுதான் எழுத முடியும் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும். அவர் சொல்வது உண்மையும்கூட, சிறுகதைக்கு. ஆனால் அவருடைய மூன்று நாவல்களும் முடியாமலே நின்றுவிட்டன. ஒரு நாவலை எந்த இரவுக்குள்ளும் அடக்க முடியாது. அதற்கு வேண்டிய தொடர்ச்சியை வேறு எங்காவது சேமித்து வைத்துத்தான் ஆக வேண்டும்.

நான் அதை ஒரு நோட்டில் சேமிக்கிறேன். எழுதி முடித்து எழுந்திருக்கும் முன், கதையில் எழுதாத ஆனால் எனக்குத் தெரிந்த விஷயங்களைக் குறித்துவிடுவேன். "பத்திரம் எங்கே இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும், சொல்ல மாட்டாள்." "தங்கைக்கு வழக்கில் ஜெயிக்கப் பயம்." "இந்தக் காட்சி முழுக்க மழை, ஆனால் யாரும் மழையைப் பற்றிப் பேசக் கூடாது." அடுத்து என்ன நடக்கும் என்ற குறிப்பு எனக்கு அவ்வளவாக உதவியதில்லை, சம்பவங்கள் நினைவில் தங்கிவிடும். பாத்திரங்கள் எதை மறைக்கிறார்கள் என்பதுதான் முதலில் நழுவும். மாதக் கடைசி நாட்களில் இந்த நோட்டை மட்டும் பத்து நிமிடம் வாசிப்பேன். எழுதமாட்டேன், எழுத வேண்டும் என்ற நெருக்கடியும் கிடையாது. அவ்வளவிலேயே அந்த இரண்டு பெண்களும் என்னோடு இருக்கிறார்கள். மறுநாள் ஒரு ரசீதைத் தேடிக்கொண்டிருக்கும்போது தங்கை சொல்ல வேண்டிய வாக்கியம் தானாக வந்து நிற்கும்.

வாலஸ் ஸ்டீவன்ஸ் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் துணைத் தலைவராக இருந்தவர். கார் ஓட்டத் தெரியாது. அலுவலகத்துக்கு நடந்தே போவார், நடக்கும்போது கவிதை செய்வார். வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் மருத்துவர், ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் தட்டச்சு இயந்திரத்தை இழுத்துக்கொள்வார். இருவரும் கவிஞர்கள் என்பதால் துண்டு நேரம் அவர்களுக்குக் கூடுதலாக ஒத்துழைத்திருக்கலாம். என்றாலும் வேலை நேரத்தில் மனசின் ஒரு மூலையைத் திறந்தே வைத்திருந்தார்கள் என்பது தெளிவு.

களைத்த மனசால் செய்யக்கூடிய எழுத்து வேலைகளும் நிறைய இருக்கின்றன. புதுக் காட்சியைக் கற்பனை செய்ய அதற்குத் தெம்பு இருக்காது, வேண்டாத வரியை வெட்டத் தெம்பு இருக்கும். அச்செடுத்த பக்கங்களில் சிவப்புப் பேனாவோடு உட்கார்வேன். அலுவலகத்தில் கற்றுக்கொண்டதும் இங்கே கைகொடுக்கிறது: எக்செல்லில் ஒரு தாள், ஒவ்வொரு பாத்திரமும் பிறந்த வருடம், ஒவ்வொரு அத்தியாயத்திலும் வயது. வழக்குப் போட்டபோது தங்கைக்கு நாற்பத்தொன்று என்றால், முதல் அத்தியாயத்தில் அவளுக்கு அவ்வளவு பெரிய மகன் இருக்க முடியுமா? இதை இரவு ஒன்பது மணிக்குக்கூடச் சரிபார்க்கலாம். தூக்கத்தைத் திருடி மட்டும் எழுதாதீர்கள். அடுத்த நாளின் அலுவலகமும் கெடும், எழுத்தும் கெடும்.

வேலையை விட்டுவிட்டு எழுதலாமே என்று அன்போடு சொல்பவர்கள் உண்டு. கவிஞர் டி. எஸ். எலியட் 1917 முதல் லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் இருந்தார். அவரை அங்கிருந்து மீட்க இன்னொரு கவிஞரான எஸ்ரா பவுண்டும் நண்பர்களும் பணம் திரட்டப் பார்த்தார்கள். எலியட்டுக்கு அது சங்கடமாகவே இருந்தது. 1925-இல் வங்கியை விட்டபோதும் போய்ச் சேர்ந்தது ஒரு பதிப்பகத்தில், அதுவும் சம்பள வேலைதான். நம் மொழியிலும் பாருங்கள்: லா.ச.ரா.வும் வண்ணதாசனும் வங்கியில் இருந்தவர்கள், நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளராகவும் இமையம் பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்குச் சம்பளம் என்ன தந்தது என்று எனக்குள் ஓர் ஊகம் உண்டு, என் அனுபவத்திலிருந்து: பிடிக்காத பக்கத்தைக் கிழித்துப் போடும் உரிமை. போன வருடம் இந்த நாவலின் இரண்டு அத்தியாயங்களை முழுதாக நீக்கினேன். நன்றாகத்தான் இருந்தன, ஆனால் வழக்கறிஞரின் கதையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கங்களை நம்பி வீட்டு வாடகை இருந்திருந்தால் அவை இப்போதும் புத்தகத்துக்குள் இருந்திருக்கும்.

வருடக் கணக்கு முடிக்கும் காலம் நெருங்குகிறது. அதனால் நீதிமன்றக் காட்சியை இப்போது தொடங்கப்போவதில்லை. பாதியில் விட்டால் திரும்பப் பிடிக்க ரொம்பக் கஷ்டமான காட்சி அது. கணக்கு முடியும்வரை முதல் பாகத்தைத் திருத்துகிறேன். அப்புறம் இரண்டு நாள் விடுப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் நாள் முழுக்க நோட்டையும் கடைசி அத்தியாயத்தையும் வாசிப்பேன், இரண்டாம் நாள்தான் அக்கா கூண்டில் ஏறுவாள்.