ஆர்எக்ஸ் 100 பிளாக்குக்குப் புது ஸ்லீவ்: இதுவரை நடந்தது

காரிமங்கலத்து மாமாவிடமிருந்து வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் பிளாக்குக்கு (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) ஸ்லீவ் (அதனுள் பொருத்தும் இரும்புக் குழாய்) இறக்கி, போர் செய்து (துளையை அளவுக்குக் குடைந்து), வண்டியும் ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த வண்டியின் உற்பத்தி 1996-லேயே நின்றுபோனதால், பழைய பிளாக்கைக் காப்பாற்றுவதுதான் வண்டியைக் காப்பாற்றுவது. செய்ததையெல்லாம் மறக்கும் முன் எழுதிவைக்கிறேன்.

இந்த எஞ்சினுக்கு ஸ்டாண்டர்டு போர், அதாவது துளையின் விட்டம், 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ.; கணக்குப் போட்டால் 98 சிசி. என் பிளாக் முன்பே 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்கு (ஸ்டாண்டர்டைவிடப் பெரிய அளவுக்கு) போர் ஆனது. அதாவது 50.50 இருக்க வேண்டும். தர்மபுரி லேத் பட்டறையில் போர் கேஜ் விட்டுப் பார்த்தபோது, பிஸ்டனின் மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில் முன்பின்னாக 50.63, பக்கவாட்டில் 50.57. அடியில் 50.52. மேலே அகன்றும், முட்டை வடிவாகவும் தேய்ந்திருந்தது. அதோடு எக்ஸாஸ்ட் போர்ட்டை (புகை வெளியேறும் ஜன்னலை) ஒட்டி நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு கோடு.

இந்தத் தேய்மானத்துக்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தெளிவாகப் பட்டன. பிஸ்டனின் இன்டேக் பக்கம் (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் பக்கம்) பளபளப்பே இல்லாமல் சாம்பல் நிறத்தில் அரைபட்டிருந்தது. அது தூசி. நம் பக்கத்து கிரானைட் குவாரி ரோடுகளில் கிழிந்த ஏர் ஃபில்டரோடு ஓடிய வண்டிக்கு வேறு என்ன ஆகும்? எக்ஸாஸ்ட் பக்கத்துக் கோட்டுக்குக் காரணம் தர்மபுரி–சேலம் ரோட்டிலுள்ள தொப்பூர் மலை இறக்கமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதைப் போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயில் உள்ளே போகிறது. இதில் ஆயில் பம்பும் ஆக்சிலேட்டர் கேபிளோடு இணைந்தது. கியரில் விட்டு ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு சேலம் பக்கம் இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் மிகக் குறைவாகத்தான் வரும். இறக்கத்தில் அவ்வப்போது லேசாக முறுக்கிக் கொடுக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வது வெறும் பழக்கமல்ல.

அடுத்த சைஸ் 0.75. “வரும் தம்பி, ஆனா அந்தக் கோடு முழுசாப் போவும்னு சொல்ல மாட்டேன்” என்றார் பட்டறை அண்ணன். 1.00 போனால் கோடு போய்விடும். ஆனால் அதுதான் கடைசி சைஸ், அதற்குப் பிறகு எப்படியும் ஸ்லீவ்தான். “அப்ப இப்பவே ஸ்லீவ் போட்டு ஸ்டாண்டர்டுக்கே வந்துரலாம்ணே” என்றேன். ஸ்டாண்டர்டு பிஸ்டன் செட் கிடைப்பதும் சுலபம், இனி நான்கு ஓவர்சைஸும் கையிருப்பில் இருக்கும். செலவு கூடத்தான். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

பழைய வார்ப்பிரும்பு ஸ்லீவை அலுமினியம் தெரியும்வரை குடைந்து எடுத்தார். புதிய ஸ்லீவின் வெளிவிட்டம் அந்தத் துளையைவிட 0.08 மி.மீ. பெரிதாகக் கடையப்பட்டது. இவ்வளவு இறுக்கம் எதற்கு என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 55 மி.மீ. விட்டத்துக்கு 100 டிகிரி சூடு ஏறினால், அலுமினியத் துளை ஸ்லீவைவிட 0.06 மி.மீ.க்கு மேல் கூடுதலாக விரிந்துவிடும். இறுக்கம் குறைவாக இருந்தால், ஓடும்போது ஸ்லீவுக்கும் பிளாக்குக்கும் நடுவே இடைவெளி விழும். சூடு பிளாக்கின் வெளியே உள்ள ஃபின்களுக்கு (காற்றில் ஆறவைக்கும் தகடுகளுக்கு) போகாது, ஸ்லீவும் அசையும். டூ ஸ்ட்ரோக்கில் ஸ்லீவ் கொஞ்சம் நகர்ந்தாலும் போர்ட் மறைந்துபோகும்.

பிளாக்கை ஓவனில் சூடேற்றி, ஃப்ரீஸரில் கிடந்த ஸ்லீவை எடுத்து இறக்கினார்கள். ஒரே மூச்சில் இறங்க வேண்டும். பாதியில் நின்றால் சூடு சமமாகிப் பிடித்துக்கொள்ளும். ஸ்லீவின் ஜன்னல்கள் டிரான்ஸ்ஃபர் பாதைகளுக்கு (பெட்ரோல் கலவை அடியிலிருந்து மேலே ஏறும் வழிகளுக்கு) நேராக வருமாறு முன்கூட்டியே கோடு கிழித்துவைத்திருந்தார். இறங்கியதும் ஸ்லீவின் காலர் (மேல் விளிம்பு) உட்காரும்வரை அழுத்திப் பிடித்து ஆறவிட்டார்.

போர் செய்வது அதற்குப் பிறகுதான், ஏனென்றால் இறுக்கத்தில் ஸ்லீவ் சற்றுச் சுருங்கும். இங்கே நான் விடாப்பிடியாக இருந்தது ஒரு விஷயத்தில்: பிஸ்டன் பட்டறைக்கு வராமல் போர் தொடங்கக் கூடாது. பெட்டியில் ஸ்டாண்டர்டு என்று போட்டிருந்தாலும், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ச்சுவரின்) அடிப்பக்கம் மைக்ரோமீட்டர் வைத்தால்தான் உண்மை தெரியும். என் பிஸ்டன் 49.96 காட்டியது. 40 மைக்ரான் (0.04 மி.மீ.) இடைவெளி வைத்து 50.00-க்கு முடிப்பதென்று பேசிக்கொண்டோம். போரிங்கில் கொஞ்சம் மிச்சம் விட்டு, கடைசிச் சைஸை ஹோனிங்கில் (உரைகல்லால் தேய்த்து) எடுத்தார். குறுக்குமறுக்கான கோடுகள் அழகாக விழுந்திருந்தன. ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான்.

அடுத்த வேலையைப் பல இடங்களில் செய்யாமல் விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். போர் செய்ததும் போர்ட் விளிம்புகள் பிளேடு மாதிரி கூராக நிற்கும். ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல் போய்வர வேண்டும். அப்படியே மாட்டினால் ரிங் விளிம்பில் சிக்கிச் சிதறும். எல்லா போர்ட்டுக்கும், முக்கியமாக எக்ஸாஸ்ட்டின் மேல் கீழ் விளிம்புகளுக்கு, சுமார் அரை மி.மீ. சரிவு கொடுத்தேன். சின்ன அரம், பிறகு எமரி பேப்பர். ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போனது, திருப்தியாக இருந்தது.

கழுவும்போது பெட்ரோல் போதாது. ஹோனிங் பொடி கோடுகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும்தான். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி கறுக்காமல் வரும்வரை கழுவி, ஈரம் போனவுடனே டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) தடவினேன். இல்லாவிட்டால் கண்முன்னே துரு ஏறும். ரிங்கை உள்ளே வைத்துப் பிஸ்டனால் தள்ளி நேராக்கி ஃபீலர் கேஜ் விட்டால் முனை இடைவெளி 0.20. பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம், ரிங் முனைகள் பள்ளத்திலுள்ள சின்ன முளைகளுக்கு நேராக, பிஸ்டன் பின் வெளியே வராமல் தடுக்கும் புது சர்க்ளிப்புகள். மற்றவை வழக்கம்போல.

இப்போது ரன்னிங்-இன், அதாவது புது பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்வரை மெதுவாக ஓட்டுவது. பம்ப் போக டேங்க்கிலும் கொஞ்சம் ஆயில் கலந்திருக்கிறேன். பாலக்கோடு ரோட்டில் அரை ஆக்சிலேட்டருக்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டி, முழுக்க ஆறவிட்டுத் திரும்ப எடுக்கிறேன். பழைய கலகலச் சத்தம் இல்லை. கிக்கரில் கம்ப்ரஷன் காலைத் தடுக்கிறது. ஏர் ஃபில்டர் புதிது. பம்ப் கேபிளின் குறியையும் சரிபார்த்தாயிற்று.

500 கி.மீ. ஆனதும் பிளாக்கைத் தூக்கிப் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கத்தைப் பார்க்கப்போகிறேன். கோடு விழாமல் இருந்தால்தான் தொப்பூர், ஒகேனக்கல் எல்லாம்.