படிச்சிட்டு விட்டுருவீங்களா

அன்று நான் சொன்ன பதிலில் தப்பில்லை. இரண்டு வருஷமாக எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

குருவிகளின் நோயைப் படிக்க நாங்கள் கட்டிய வலைகளில், மூன்றாவதில் ஏழு வெள்ளைக்கண்ணிகள் ஒன்றாக விழுந்திருந்தன. கூட்டமாகத் திரிகிற குருவி, விழுந்தால் இப்படித்தான் விழும். நுவரெலியாப் பக்கத்துக் காலைக் குளிரில் பத்துக் கிராம் உயிரை வலையில் அதிக நேரம் தொங்கவிட முடியாது. எங்களைக் கூட்டிவந்த சேர் மேலே முதல் வலையில் நின்றார். நானும், வலைக் கம்பு தூக்க வந்த தோட்டத்து அக்காவும் அவசரமாகக் கழற்றித் துணிப்பைகளில் போட்டோம். நான்காவது குருவியின் இடது காலில், விரல் மடிகிற இடத்தில், மிளகளவு கட்டி ஒன்று, பொருக்குத் தட்டி இருந்தது. பறவை அம்மை என்றே பட்டது. ஆய்வுகூடத்தில் பார்க்காமல் அடித்துச் சொல்லக்கூடாதுதான்.

அக்கா எட்டிப் பார்த்தார். "அட, குருவிக்கும் அம்மா பார்த்திருக்கே!"

அவர் இருந்த லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கோழிகளுக்கும் கொண்டையில் இதே மாதிரி வந்திருந்ததாம். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போட்டும் மூன்று செத்துவிட்டன.

"மருந்து வைப்பீங்களா மிஸ்?"

"இல்லக்கா. ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, எல்லாம் எழுதிட்டு விட்டுருவோம்."

"படிச்சிட்டு விட்டுருவீங்களா?"

"காட்டுல நடக்கிறதுல நாங்க கை வைக்கக்கூடாது அக்கா."

"இப்ப கையிலதானே மிஸ் வச்சிருக்கீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்றுதான் ஞாபகம். சிரித்திருக்கவும் கூடும், அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, குருவியின் சிறகைத்தான் விரித்துக்கொண்டிருந்தேன்.

பதிலில் தப்பில்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், தோலில் மட்டும் வருகிற அம்மை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். அடைத்து வைத்தால் நோய்க்கு முன்னால் பயத்திலேயே அந்தக் குருவி செத்துவிடக்கூடும். கோழிக்கு வரும் அம்மை வைரஸும் இந்தச் சின்னக் குருவிகளுக்கு வருவதும் பொதுவாக வேறு வேறு வகை. இதையெல்லாம் அக்காவுக்கும் விளக்கினேன், பாடம் நடத்துகிற வேகத்தில். "அப்ப கொசு?" என்றார். ஆமாம், நுளம்பு கடித்தும் பரவும் என்றேன். லயத்துப் பின்பக்கச் சாக்கடைக் கானில் நுளம்புக்கா குறைச்சல்? அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

நாங்கள் அங்கே போனதே நுளம்புக்காகத்தான். ஹவாய் தீவுகளில் வெளியிலிருந்து வந்த நுளம்பும் பறவை மலேரியாவும் சேர்ந்து உள்ளூர்க் குருவி இனங்கள் பலவற்றை இல்லாமல் ஆக்கின. மிஞ்சியவற்றில் பல, குளிரான மலை உச்சிகளில்தான் பிழைத்தன. சுமார் 13 பாகை செல்சியஸுக்குக் கீழே நுளம்பின் உடலுக்குள் அந்த ஒட்டுண்ணி வளர்வதில்லை. உலகம் சூடாக ஆக அந்த எல்லை மேலே ஏறுகிறது. இலங்கைக்கு மட்டுமே உரிய குருவிகளில் சில இங்கே மலைநாட்டோடு நின்றுவிடுபவை. அதற்கு மேலே ஏறிப்போக அவற்றுக்கு மலை இல்லை. இந்தக் கவலை பொய்யில்லை. அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். 1898இல் கல்கத்தாவில் ரொனால்ட் ரோஸ் என்ற மருத்துவர், மலேரியா நுளம்பு வழியாகப் பரவும் சுற்றை முழுதாகக் கண்டதும் குருவிகளை வைத்துத்தான், குருவியைப் படித்தது மனிதருக்கு உதவியது என்றும் சொல்லியிருக்கலாம். நல்ல பதில்கள் எல்லாம் பஸ்ஸில் திரும்பும்போதுதான் வருகின்றன.

சரி, பதிலை விடுவோம். என்னை அரிப்பது பைதான். அம்மைப் பொருக்கு உதிர்ந்தால் அதில் வைரஸ் நெடுநாள் உயிர்ப்போடு இருக்கும். ஒரு பறவைக்கு ஒரு பை, துவைக்காமல் மறுபடி எடுக்கக்கூடாது என்பது விதி. கையை ஸ்பிரிட்டால் துடைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒன்பது மணிக்கு மேல் பைகள் தீர்ந்துபோய், அடுத்த வலைக்கு ஓடும்போது அக்கா குவியலிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார், நான் வாங்கினேன். அது எந்தப் பை? பதிவுத்தாளில் காலில் போட்ட வளையத்தின் எண், எடை, சிறகு நீளம், கட்டி இருந்த இடம் எல்லாம் இருக்கின்றன. பை எண்ணுக்கு அதில் கட்டம் கிடையாது. சேரிடம் சொன்னேன். கூட்டமாகவே வாழும் குருவி, நம் பை இல்லாமலும் தொற்றும், மனசைப் போட்டுக் குழப்பாதே என்றார். நியாயம்தான். காட்டில் நடக்கிறதில் கை வைக்கக்கூடாது என்று சொன்ன அதே காலையில் நான் என்ன செய்திருக்கலாம் என்பதற்கு அது பதில் இல்லை.

கம்பைக் கழற்றும்போது அக்கா இன்னொன்று சொன்னார். முன்பு ஒரு தடவை லயத்துக்கும் ஆட்கள் வந்து பெண்களுக்கெல்லாம் இரத்தம் எடுத்துப் போனார்களாம். அன்று மலைக்கு வேலைக்குப் போக நேரம் பிந்தியதால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், போட்டார்களாம். "ரிசல்ட் வரும்னாங்க. வரவே இல்ல மிஸ்." குற்றம் சொல்கிற குரலில்லை, மழை வராததைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

நானும் லயக் காம்பராவில் பிறந்தவள்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நெருக்கமாகியிருப்போம் என்று சில நாள் தோன்றும். சொல்லாததே மரியாதை என்று சில நாள்.

இப்போது பைகளில் நாடா ஒட்டி எண் எழுதுகிறேன், தாளில் ஒரு கட்டமும் சேர்த்தாயிற்று. நான்காவது குருவியின் இரத்தத்தில் மலேரியாவுக்கு உறவான ஹீமோபுரோட்டியஸ் என்ற ஒட்டுண்ணி இருந்தது. அது நுளம்பால் பரவுவதுகூட இல்லை, கடிக்கிற ஒரு சின்னப் பூச்சியால் பரவுவது. அந்தக் குருவி மறுபடி எங்கள் வலையில் விழவில்லை. அக்காவின் மிச்சக் கோழிகள் என்ன ஆயின என்று கேட்கவாவது அந்தத் தோட்டத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன். போய் அவர் வீட்டு முன் இஸ்தோப்பில், திண்ணையில், உட்கார்ந்து எதிலிருந்து பேச்சை ஆரம்பிப்பது? குருவியின் ரிசல்ட் வந்துவிட்டது என்றா?