மேலாளர் மட்டும் வந்தால் போதுமா?

நம் கால்பந்து அணியின் புதிய மேலாளர் தேறுவாரா என்று ரசிகர்கள் மல்லுக்கட்டுகிறோம். அவர் யாரை உடன் அழைத்து வருகிறார் என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை? 1974-இல் இங்கிலாந்து மேலாளர் பிரையன் கிளஃப் தன் வலதுகையான துணைப் பயிற்சியாளர் பீட்டர் டெய்லர் இல்லாமல் லீட்ஸ் யுனைடெட் அணிக்குப் போனார். 44 நாட்களில் வேலை போயிற்று. 1976-இல் டெய்லர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் அவருடன் மீண்டும் சேர்ந்தார். 1979, 1980 என அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை! வீரர்களை எடைபோடுவதில் டெய்லருக்கு அப்படியொரு கண்.

இங்கிலாந்தின் ஆர்சனல் அணி மைதான மூலையிலிருந்து உதைக்கும் கார்னர்களைக் கவனியுங்கள். தூரத்துக் கோல் கம்பத்தருகே கூட்டமாக நிற்பவர்கள், பந்து கிளம்பியதும் கோல்கீப்பரை நோக்கிப் பாய்கிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பவர் 2021-இல் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்த நிக்கோலா ஜோவர்.

நம் அணியோ கார்னரில் கோல் வாங்கியே புள்ளிகளைத் தாரைவார்க்கிறது. வயிறு எரிகிறது. முதலில் அதற்கொரு பயிற்சியாளரைக் கொண்டுவாருங்கள்!